தாங்கல் கரைசலும் ஒரு வினைபொருளே: மாங்கனீசு, இரும்புக் கனிமங்களோடு ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் சுற்றுச்சூழல் வேதியியலை எம்.எஸ்சி. ஆய்வுத் திட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ எடுத்துக்கொள்பவர் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் குரோமியத்தில் வந்து நிற்க நேர்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலும், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலும், இவற்றுக்கு நடுவே ஓடும் பாலாற்றின் மணலும் கண்ணெதிரே இருக்கையில் வேறு தலைப்பைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. தோலைப் பதனிடப் பயன்படும் காரக் குரோமியம் சல்பேட்டில் குரோமியம் +3 நிலையில் இருக்கிறது. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதிகம் நகராது. அதுவே +6 நிலைக்கு ஏறிவிட்டால் தண்ணீரோடு ஓடும், புற்றுநோயையும் உண்டாக்கும். மண்ணில் இயற்கையாக அந்த ஏற்றத்தைச் செய்யும் முதன்மையான ஆள் மாங்கனீசு ஆக்சைடு. ஆகவே பெரும்பாலான மாணவர்கள் வடிவமைக்கும் சோதனை ஒன்றே: மாங்கனீசு ஆக்சைடை நீரில் கலக்கி, +3 குரோமியத்தைச் சேர்த்து, பிஎச் மாறாமல் வைத்து, எவ்வளவு +6 குரோமியம் உண்டாகிறது என்று அளப்பது.

‘பிஎச் மாறாமல் வைத்து’ என்ற இடத்தில்தான் கை தானாகத் தாங்கல் கரைசல் இருக்கும் அலமாரிக்குப் போகிறது. அந்தப் புட்டியில் இருப்பது பிஎச்-ஐப் பிடித்து நிறுத்துவதோடு நின்றுவிடாமல், நாம் ஆராய வந்த கனிமத்தையே மாற்றிவிடக்கூடும். அதை எப்படி முன்கூட்டியே கண்டறிவது, எப்படித் தவிர்ப்பது, தவிர்க்க முடியாதபோது எப்படிக் கணக்கில் கொள்வது என்பவற்றை, புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்ற வரிசையில் கீழே தருகிறேன்.

புட்டியைத் திறக்கும் முன் ஒரு கணக்கு

இளநிலை வகுப்பில் பைரோலுசைட் தாதுவின் தூய்மையை மதிப்பிட்டவர்களுக்கு இந்த வேதியியல் புதிதன்று. கந்தக அமிலத்தில் ஆக்சாலிக் அமிலத்தோடு சூடாக்கினால் கறுப்புத் தூளான மாங்கனீசு டைஆக்சைடு கரைந்து நிறமற்ற மாங்கனீசு +2 ஆகிறது. எஞ்சிய ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கிறோம். ஒரு கரிமச் சேர்மம் எலக்ட்ரானைக் கொடுக்க, கனிமம் அதை வாங்கிக்கொண்டு கரைகிறது. தாங்கல் கரைசல்களில் பலவும் கரிமச் சேர்மங்களே. வேறுபாடு வேகத்தில் மட்டும் இருக்கிறது. சூடான அமிலத்தில் சில நிமிடங்களில் நடப்பது, அறை வெப்பத்தில் நடுநிலைக் கரைசலில் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நடக்கலாம். நம் சோதனைகளும் அதே அளவு நேரம் ஓடுபவைதான்.

மாங்கனீசு டைஆக்சைடு மாங்கனீசு +2 ஆக ஒடுங்கும் வினையின் திட்ட மின்னழுத்தம் 1.23 வோல்ட். இரண்டு எலக்ட்ரான்களுக்கு நான்கு புரோட்டான்கள் செலவாவதால், பிஎச் ஓர் அலகு ஏறும்போது இம்மதிப்பு 0.118 வோல்ட் இறங்கும். கரைந்த மாங்கனீசு 10 மைக்ரோமோலார் என்று கொண்டால், பிஎச் 5-இல் ஏறத்தாழ 0.79 வோல்ட்டும் பிஎச் 7-இல் 0.55 வோல்ட்டும் வரும். அமிலத்தன்மை கூடக் கூடக் கனிமத்தின் எலக்ட்ரான் பசி கூடுகிறது என்பதே இதன் பொருள். பிஎச் 7-இல் ஒழுங்காக இருந்த ஒரு தாங்கல் கரைசல் பிஎச் 5.5-இலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள இயலாது.

அடுத்தது மோல் கணக்கு. 250 மி.லி. கரைசலில் 25 மி.கி. மாங்கனீசு டைஆக்சைடு போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மோல் நிறை 86.94 என்பதால் அது சுமார் 0.29 மில்லிமோல். அதே குடுவையில் ஹெப்பீஸ் என்ற கரிமத் தாங்கல் பொருள் 20 மில்லிமோலார் இருந்தால் அதன் அளவு 5 மில்லிமோல், அதாவது கனிமத்தைப்போல் ஏறக்குறைய 17 மடங்கு. ஹெப்பீஸ் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டே எலக்ட்ரான்களைக் கொடுப்பதாகக் கொண்டாலும், அதில் நூற்றுக்கு ஆறு பங்கு வினைப்பட்டால் போதும், கனிமம் முழுவதும் கரைந்துபோகும். தாங்கல் கரைசலின் பிஎச் அப்போதும் பெரிதாக அசைந்திருக்காது. மானி சரியாகக் காட்டுகிறது என்ற நிம்மதியில் நாம் இருப்போம். எந்தச் சோதனைக்கும் முன்னால் இந்த இரண்டு வரிக் கணக்கை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. தாங்கல் கரைசலைத் துணைப்பொருள் என்று நினைக்கும் பழக்கம் அங்கேயே உடைந்துவிடும்.

எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது

பெரும்பாலான ஆய்வகங்களில் இரண்டு வகைத் தாங்கல் கரைசல்கள் இருக்கும். முதல் வகை, பிஎச் மானியைச் சரிபார்க்கும் 4.0, 7.0, 9.2 கரைசல்கள். இவற்றில் முறையே பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், பாஸ்பேட், போராக்ஸ் ஆகியவை இருக்கும். இவை மின்முனைக்கு மட்டும் உரியவை. மாதிரியில் ஊற்றுவதற்கு அல்ல. ஒரு கரைசலிலிருந்து எடுத்த மின்முனையை நன்றாகக் கழுவி ஒற்றி எடுத்த பிறகே மாதிரியில் விட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வகை, உயிர்வேதியியல் துறையினர் வாங்கி வைத்திருக்கும் வெள்ளைத் தூள்கள்: மெஸ், பைப்ஸ், மாப்ஸ், ஹெப்பீஸ். 1966-இல் நார்மன் குட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த வரிசையில் தொடங்கியவை இவை. உயிரணுச் சவ்வை எளிதில் ஊடுருவாமை, உலோக அயனிகளை அதிகம் பிடிக்காமை, நொதிகளால் சிதையாமை என்று உயிரியல் ஆய்வுக்கு வேண்டிய குணங்களைப் பார்த்தே அவற்றைத் தேர்ந்தார்கள். மாங்கனீசு டைஆக்சைடு போன்ற வலுவான ஆக்சிஜனேற்றி அருகில் இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுடைய கேள்வி அன்று. பிறர் வேறொரு தேவைக்காகத் தேர்ந்தெடுத்ததை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு, அது எதனுடனும் வினைபுரியாதது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மூலக்கூறுகளில் மூன்று கார்பன்களோடு பிணைந்த நைட்ரஜன் இருக்கிறது. அதன் தனி எலக்ட்ரான் இணையிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிப்பது அவ்வளவு கடினமன்று. ஹெப்பீஸ், பைப்ஸ் ஆகியவற்றில் உள்ள பைப்பரசீன் வளையத்தில் இப்படிப்பட்ட நைட்ரஜன்கள் இரண்டு எதிரெதிரே இருப்பதால், எலக்ட்ரானை இழந்த பின் உருவாகும் தனி உறுப்பு (ராடிக்கல்) ஓரளவு நிலைத்து நிற்கிறது. அதனாலேயே அவை எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கின்றன. மெஸ், மாப்ஸ் ஆகியவற்றில் மார்ஃபோலீன் வளையம் உள்ளது. அவை அந்த அளவுக்கு விரைந்து வினைபுரிவதில்லை என்றாலும், சோதிக்காமல் நம்பத்தக்கவையும் அல்ல. ஹெப்பீஸின் ஒடுக்கும் திறனைப் பற்றி ஐயம் உள்ளவர்கள் நானோ துகள் ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கலாம்: தங்கக் குளோரைடு கரைசலில் ஹெப்பீஸை மட்டும் சேர்த்து, வேறு ஒடுக்கி எதுவும் இல்லாமலே தங்க நானோ துகள்களைச் செய்கிறார்கள். தங்க அயனியை உலோகமாக்கும் ஒரு பொருள், பர்னெசைட் என்ற மாங்கனீசு ஆக்சைடுக் கனிமத்தை மட்டும் விட்டுவைக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

பாஸ்பேட்டுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. அது எலக்ட்ரான் கொடுப்பதில்லை. ஆனால் அது வேறு வழியில் தலையிடுகிறது. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளின் பரப்பில் இறுக ஒட்டிக்கொண்டு மற்ற அயனிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. ஏற்கெனவே ஒட்டியிருந்த குரோமேட்டையும் ஆர்சனேட்டையும் தள்ளிவிடுகிறது. +3 குரோமியத்தை வீழ்படிவாக்குகிறது. மண்ணில் ஒட்டியிருக்கும் +6 குரோமியத்தைப் பிரித்தெடுக்க 10 மில்லிமோலார் பாஸ்பேட் கரைசலைப் பயன்படுத்துவது இந்தத் தள்ளும் குணத்தை நம்பித்தான். சோதனை முடிந்த பின் பிரித்தெடுக்க உதவும் அதையே தொடக்கத்திலிருந்து குடுவைக்குள் வைத்திருந்தால், நாம் அளப்பது கனிமத்தின் இயல்பான நடத்தையாக இராது. சிட்ரேட்டும் ஆக்சலேட்டும் ஒடுக்கவும் செய்யும், அணைவுகளையும் உண்டாக்கும். இந்த வேலைக்கு அவற்றை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

முதலில் தாங்கல் கரைசல் இல்லாமல் செய்து பாருங்கள்

என் பரிந்துரை எப்போதும் இதுதான். 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கரைசலைப் பின்னணி உப்பாக எடுத்துக்கொண்டு, காந்தக் கலக்கியின்மேல் பீக்கரை வைத்து, மின்முனையை ஓரமாகப் பொருத்தி, 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடையும் நுண்பிப்பெட்டால் சிறிது சிறிதாக விட்டு பிஎச்-ஐக் கையாலேயே பிடிக்க வேண்டும். தானியங்கித் தரம்பார்க்கும் கருவி இருந்தால் வசதிதான். இல்லாவிட்டாலும் இருவர் மாறி மாறி உட்கார்ந்தால் நான்கைந்து மணி நேரச் சோதனையை நடத்திவிடலாம். விட்ட ஒவ்வொரு துளியின் அளவையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். கனிமம் ஒடுங்கும்போது புரோட்டான்கள் செலவாகும் என்று மேலே பார்த்தோம். ஆகவே எவ்வளவு அமிலம் கேட்கிறது என்பதே ஒரு தரவு. தாங்கல் கரைசல் போட்டவருக்கு இந்தத் தகவல் கிடைப்பதில்லை.

காரத்தை விடும்போது அவசரம் கூடாது. சுழல் நன்றாக ஓடும் இடத்தில், மின்முனையிலிருந்து தள்ளி விடுங்கள். துளி விழுந்த இடத்தில் கணநேரம் பிஎச் மிக உயர்ந்தால், கரைந்த மாங்கனீசு +2 காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகப் படியும், +3 குரோமியமும் ஹைட்ராக்சைடாக இறங்கும். பிஎச் 5.5-க்கு மேல் போனாலே குரோமியம் ஹைட்ராக்சைடு கனிமத்தின்மேல் மூடிக்கொண்டு வினையை நிறுத்திவிட வாய்ப்புண்டு என்பதால், குரோமியச் சோதனையைப் பிஎச் 4-க்கும் 5-க்கும் இடையில் தொடங்குவது புதியவருக்கு எளிது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக் கார்பனேட்டாகும். எனவே காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அன்றன்றே தயாரித்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவிய குடுவையைக் கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரால் அலச மறந்தால் கால்சியமும் பைகார்பனேட்டும் கூடவே வரும். நம் ஊர் நீரின் கடினத்தன்மையை வீட்டுக் குழாய்களில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவே சொல்லும்.

தாங்கல் கரைசல் வேண்டியே இருந்தால்

நுண்ணுயிரிகளோடு செய்யும் சோதனையோ, நாள்கணக்கில் குலுக்கியில் ஓட வேண்டிய சோதனையோ என்றால் கையால் பிஎச் பிடிப்பது நடவாது. அப்போது தாங்கல் கரைசலைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன் அதனைக் குற்றக்கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். குரோமியம் இல்லாமல் கனிமமும் தாங்கல் கரைசலும் மட்டும் இருக்கும் குடுவை ஒன்று; கனிமமும் சோடியம் குளோரைடும் மட்டும் இருக்கும் குடுவை ஒன்று; கனிமம் இல்லாமல், தாங்கல் கரைசலில் தெரிந்த அளவு +6 குரோமியம் மட்டும் போட்ட குடுவை ஒன்று. இவை மூன்றும் உங்கள் உண்மையான சோதனை ஓடும் அதே நேரம், அதே வெப்பநிலையில், அதே குலுக்கியில் ஓட வேண்டும். மூன்றாவது குடுவையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். +6 குரோமியத்தோடு ஊதா நிறம் தரும் டைஃபீனைல்கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் அளக்கும்போது, போட்ட +6 குரோமியம் முழுவதும் திரும்பக் கிடைக்கிறதா என்று அதில்தான் தெரியும். குறைந்தால், தாங்கல் கரைசலே அதை ஒடுக்குகிறது அல்லது நிற வினையைக் கெடுக்கிறது.

இத்துடன் ஒரே தாங்கல் கரைசலை 1, 5, 20 மில்லிமோலார் என்று மூன்று செறிவுகளில் வைத்துப் பாருங்கள். பிஎச் ஒன்றாகவே இருந்தும் விளைவு செறிவோடு சேர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ, குடுவைக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் வேலை செய்கிறார் என்பது உறுதி. மாணவர்களிடம் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

திரவத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

வடிகட்டிய நீரில் மாங்கனீசை அணு உட்கவர் நிறமாலைமானியில் அளந்து, ‘ஒன்றும் கரையவில்லை, ஆகவே கனிமம் பத்திரமாக இருக்கிறது’ என்று முடிவு கட்டுவதுதான் இத்துறையில் மிக எளிதாக நேரும் தவறு. கனிமம் கரையாமலே மாறலாம். பர்னெசைட் அடுக்கு அடுக்கான கனிமம். அடுக்குகளில் மாங்கனீசு இல்லாத காலியிடங்கள் உண்டு. ஒடுக்கத்தால் உண்டான மாங்கனீசு +2 அந்த இடங்களிலேயே ஒட்டிக்கொண்டு நீருக்கு வராமல் இருக்கும். அல்லது அருகிலுள்ள +4 மாங்கனீசோடு சேர்ந்து இரண்டும் +3 ஆகிவிடும். அப்படி +3 கூடக் கூட, அறுகோண அமைப்புள்ள பர்னெசைட் வேறு அமைப்புக்கு மாறத் தொடங்கும், அதன் ஆக்சிஜனேற்றும் திறனும் மாறும். கரைசல் அப்போதும் தெளிவாகவே இருக்கும்.

ஆகவே திண்மத்தைச் சோதிக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாமலே இதைச் செய்யலாம். 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் திண்மத்தைப் பிடித்து, தாங்கல் கரைசல் போகும்வரை சோடியம் குளோரைடு கரைசலால் கழுவி, பொட்டாசியம் அயோடைடு சேர்த்த நீர்த்த கந்தக அமிலத்தில் மூடியுள்ள குடுவையில் கரைத்து, வெளிப்படும் அயோடினை 0.02 நார்மல் தயோசல்பேட்டால் ஸ்டார்ச் நிறங்காட்டி வைத்துத் தரம் பாருங்கள். காற்றே அயோடைடை மெல்ல ஆக்சிஜனேற்றும் என்பதால் தாமதிக்காமல் செய்வதும், கனிமம் இல்லாத வெற்றுச் சோதனை ஒன்றைச் செய்து கழிப்பதும் அவசியம். அதே திண்மத்தின் மொத்த மாங்கனீசையும் அளந்துகொண்டால், செலவான சமான அளவை மொத்த மாங்கனீசு மோல்களால் வகுத்து இரண்டைக் கூட்டினால் சராசரி ஆக்சிஜனேற்ற நிலை வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, மொத்த மாங்கனீசு 0.25 மில்லிமோல் உள்ள திண்மத்துக்கு 23.75 மி.லி. தயோசல்பேட் செலவானால் சராசரி 3.9. அதே அளவு மாங்கனீசு இருந்தும் தாங்கல் கரைசலில் ஊறிய மாதிரிக்கு 20.0 மி.லி. போதும் என்றால் சராசரி 3.6. ப்யூரெட்டில் மூன்றே முக்கால் மி.லி. வேறுபாடு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஒட்டியிருக்கும் மாங்கனீசு +2-ஐத் தனியாக அறிய விரும்பினால், தாமிர சல்பேட் கரைசலில் திண்மத்தைக் குலுக்கி, தாமிரம் இடம்பிடித்து வெளியே தள்ளும் மாங்கனீசை அளக்கலாம். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வசதி கிடைக்குமானால் 7.2 ஆங்ஸ்ட்ராம் அருகே உள்ள முதல் உச்சியையும் 2.45, 1.42 ஆங்ஸ்ட்ராம் பட்டைகளையும் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

வெளிச்சம், வெயில், வெப்பம்

ஹெப்பீஸ் கரைசல் வெளிச்சத்தில் இருந்தால், குறிப்பாக ரைபோஃபிளேவின் போன்ற ஒளி ஈர்க்கும் பொருள் கூட இருந்தால், ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சைடு மாங்கனீசு ஆக்சைடை ஒடுக்கும், இரும்பு +2-ஐ ஆக்சிஜனேற்றும். இரண்டு பக்கமும் கெடுதல். குடுவைகளுக்கு அலுமினியத் தாள் சுற்றுவதும், கரைசலைப் பழுப்புப் புட்டியில் வைப்பதும் செலவில்லாத காப்பு.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். ட்ரிஸ் என்ற மற்றொரு தாங்கல் கரைசலின் பிஎச் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் சுமார் 0.028 குறையும். 25 பாகையில் 8.1 என்று தயாரித்ததை மே மாதத்து வேலூரில், குளிரூட்டி இல்லாத ஆய்வகத்தில் 38 பாகையில் பயன்படுத்தினால் 7.7 அளவுக்கு இறங்கிவிடும். ஹெப்பீஸில் இந்த இறக்கம் ஏறத்தாழ அதில் பாதி. கரைசலைப் பயன்படுத்தப்போகும் வெப்பநிலையிலேயே பிஎச் சரிசெய்துகொள்வதே இதற்கு வழி.

செயற்கைக் கனிமத்துக்குப் பதிலாகப் பாலாற்றுக் கரை மண்ணையே எடுத்துக்கொள்பவர்களுக்கு இன்னொன்று. மண்ணை மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து எடுத்துக்கொள்வது நம் வழக்கம். பல அளவீடுகளுக்கு அது சரி. ஆனால் பார்ட்லெட், ஜேம்ஸ் ஆகிய இருவர் 1979-இல் காட்டியதுபோல், ஈரத்தோடு இருக்கும் புது மண் +3 குரோமியத்தை நன்றாக ஆக்சிஜனேற்றும். காய்ந்த மண் அத்திறனைப் பெரிதும் இழந்துவிடும். காய்ந்த மண்ணை வைத்து, ஒடுக்கும் தாங்கல் கரைசலில் சோதனை செய்தால் +6 குரோமியம் உண்டாகவே இல்லை என்ற முடிவு கிடைக்கும். தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் அப்படி ஒரு முடிவைத் தாளில் எழுதிவிட்டால், குடிநீர்க் கிணறுகளைப் பற்றிய பொய்யான ஆறுதலாக அது போய்ச் சேரும். ஈர மண்ணைச் சலித்து, ஈரப்பதத்தைத் தனியே அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் கனிமங்களுக்கு வந்தால்

இங்கே பாஸ்பேட்தான் முதல் எதிரி. இரும்பு +2 இருக்கும் கரைசலில் பாஸ்பேட் சேர்ந்தால் விவியனைட் என்ற இரும்புப் பாஸ்பேட் கனிமம் படியலாம். இரும்பு +2, +3 இரண்டும் கலந்த பச்சைத் துரு என்ற கனிமத்தின்மேல் பாஸ்பேட் ஒட்டினால் பச்சைத் துரு மேக்னடைட்டாக மாறுவது தடைபடும். பின்னணி உப்பாக நைட்ரேட்டையும் தவிர்க்க வேண்டும், பச்சைத் துரு அதை அம்மோனியமாக ஒடுக்கிவிடும். ஆக்சலேட், சிட்ரேட் அணைவுகளில் உள்ள இரும்பு +3 வெளிச்சம் பட்டாலே +2 ஆகும். நடுநிலைக்கு அருகே பிஎச் ஓர் அலகு கூடினால் இரும்பு +2 காற்றால் ஆக்சிஜனேற்றமடையும் வேகம் நூறு மடங்காகிறது. ஆகவே இந்தச் சோதனைகளில் பிஎச் 0.1 தவறுவதே பெரிய தவறு, நைட்ரஜன் ஓட்டம் இல்லாமல் தொடங்குவது அதைவிடப் பெரியது. இரும்பு +2-ஐ 1,10-பீனாந்த்ரோலின் சேர்த்து 510 நானோமீட்டரில் அளக்கலாம். அதையும் தாங்கல் கரைசல் இருக்கும்போதும் இல்லாதபோதும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போதும் கொட்டும்போதும்

ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் ‘பிஎச் 7-இல் வைக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பயனில்லை. எந்தத் தாங்கல் கரைசல், என்ன செறிவு, கனிமத்துக்கு எத்தனை மோல் மடங்கு, எவ்வளவு நேரம், வெளிச்சத்திலா இருட்டிலா, சோதனைக்கு முன்னும் பின்னும் சராசரி ஆக்சிஜனேற்ற நிலை என்ன என்ற ஆறும் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் இதைக் கேட்காமல் போகலாம். ஆனால் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வரும் அடுத்த மாணவர் நிச்சயம் கேட்பார்.

மிஞ்சிய குரோமியக் கரைசலைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தனி வாளியில் சேர்த்து, அமிலமாக்கி, பெர்ரஸ் சல்பேட் சேர்த்து மஞ்சள் நிறம் போனபின், டைஃபீனைல்கார்பசைடு துளி ஒன்றால் ஊதா நிறம் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சுண்ணாம்பால் பிஎச்-ஐ 8-க்கும் 9-க்கும் இடையில் கொண்டுவந்து, படியும் சேற்றை வடித்துத் தனியே ஒப்படைக்க வேண்டும்.